எட்டாம் உலையின் இரண்டாம் ஷிப்ட்

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் திவ்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் செக்‌ஷனில் சேர்ந்தவள், நேரில் பார்த்ததில்லை. நாங்கள் பெர்ல் மொழியில் எழுதி வைத்த புரோகிராம்களை எல்லாம் எடுத்துவிட்டு வேறொரு மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். அதில் ஓரிடத்தில், ஒரே கேள்வியாகக் கேட்டுவிடக்கூடியதை நான்கு கேள்விகளாக உடைத்துக் கேட்டிருக்கிறது. மேலே "இந்த நான்கையும் யாரும் ஒன்றாக்கக் கூடாது" என்று ஒரு குறிப்பு. குறிப்பின் கீழே செல்வின் என்று ஒரு பெயர், நாகவேணி என்று என் பெயர். இது எதற்கு மேடம் என்று கேட்டாள். ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். "அவ்ளோதானா மேடம், நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தாள். போனை வைத்த பிறகும் அந்த "அவ்ளோதானா" என்னை விடவில்லை. அவ்வளவுதான் இல்லை பெண்ணே. அந்த நான்கு கேள்விகளுக்காக ஒரு ஆள் தன் பதவியை விட்டுக்கொடுத்தார், இன்னொரு ஆளுக்கு வேலை மிஞ்சியது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கெலமங்கலம் பக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். எங்கள் பக்கத்தில் இதை யாரும் திறமை என்று சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் இருப்பதுதான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஓசூரில் வண்டிகளுக்கு ஷாஃப்ட் செய்கிற கம்பெனியில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், காலையில் ஓடிப்போய்ப் பிடிக்கிற கம்பெனி பஸ் என்று வருஷங்கள் போயின. புரோகிராம் எழுதுகிறவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமும், நான் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். நாற்பதை நெருங்கும்போது தடுப்பைத் தாண்டினேன். தாண்ட வைத்தவர் செல்வின் சார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். செக்‌ஷனுக்குத் தலைவராக வந்தபோது என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். மெலிந்த ஆள், சட்டை எப்போதும் ஒரு அளவு பெரிது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும் அக்காதான். நான் அவரை சார் என்பேன். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே, தப்பான தகவலை டைப் அடிக்காமல் திருப்பி அனுப்புகிற ஆள் நான் ஒருத்திதான் என்று கவனித்திருக்கிறார். புரோகிராம் படிக்கிறீங்களா அக்கா என்று கேட்டார். இந்த வயதிலா என்றேன். வயசைக் கேட்கவில்லை, விருப்பத்தைக் கேட்டேன் என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த விதம் எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. எங்கள் கீபோர்டை அவர் தொட்டதே இல்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எழுதிய ஒவ்வொரு வரியையும் தமிழில் சத்தமாகப் படிக்கச் சொல்வார். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவளை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்?

பெர்லில் ஹாஷ் என்று ஒன்று உண்டு. பெயரைச் சொன்னால் பொருளை எடுத்துக் கொடுக்கிற பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் இன்னொரு பெட்டியாகவும் இருக்கலாம், அதற்குள்ளும் பெட்டிகள் இருக்கலாம். எங்கள் கம்பெனித் தகவல் எல்லாமே இப்படிப் பெட்டிக்குள் பெட்டிதான். இதைச் சுற்றி வர, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற லூப்புக்குள் லூப் போட வேண்டும். வெளிப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடு, அதைத் திற, உள்ளே உள்ள ஒவ்வொரு பெயரையும் எடு, அதையும் திற. நான் ஒரு வரி படித்ததும் செல்வின் சார் நிறுத்துவார். "இப்ப உங்க கையில என்ன இருக்குக்கா?" என்று கேட்பார். கையில் இருப்பது பெயரா, பொருளா, இன்னும் திறக்காத பெட்டியா என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார்.

திறக்காத பெட்டியை அப்படியே அச்சடித்தால் பெர்ல் கோபித்துக்கொள்ளாது. ஹாஷ் என்று போட்டு, பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு முகவரியைப் போட்டுக் கொடுத்துவிடும். இது பெட்டி, இன்ன இடத்தில் இருக்கிறது, வேண்டுமானால் போய்த் திறந்துகொள் என்று அர்த்தம். ஆரம்பத்தில் ஒருநாள் அப்படி வந்த தாளைக் கவனிக்காமல் ஸ்டோருக்கு அனுப்பிவிட்டேன். ஸ்டோர்கீப்பர் அதைப் புதுப் பார்ட் நம்பர் என்று நினைத்து ரேக் ரேக்காகத் தேடியிருக்கிறார். மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து வந்து, ஹாஷ் ஸ்டாக் இல்லீங்க மேடம், பெங்களூருக்கு ஆர்டர் போட்டுடட்டுமா என்று கேட்டார். செல்வின் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அதற்குப் பிறகு பல வருஷம், செக்‌ஷனில் யார் சொதப்பினாலும் "ஹாஷ் ஸ்டாக் இல்லீங்க" என்பது வழக்கமாக இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு சத்தமாகப் படிக்க நான் முகம் சுளித்ததில்லை.

இனி அந்த நான்கு கேள்விகளின் கதை.

எங்கள் ஷாஃப்ட்டுகளை உலையில் சூடாக்கி எண்ணெயில் முக்கி எடுத்தால்தான் உறுதி வரும். ஒரு தடவை உலையில் ஏற்றுகிற சரக்குக்கு சார்ஜ் என்று பெயர். சார்ஜ் ஏற்றிய பிறகுதான் வெப்ப அளவுகள் கம்ப்யூட்டரில் பதிவாகத் தொடங்கும். உலை, அதற்குள் தேதி, அதற்குள் ஷிப்ட், அதற்குள் சார்ஜ், அதற்குள் அளவுகள் என்று அடுக்கி வைத்திருந்தோம். சரக்கை அடுக்கி வெளியே அனுப்புகிற ஒவ்வொரு கிரேட்டிலும் எந்த உலை, எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எத்தனையாவது சார்ஜ் என்று லேபிள் ஒட்டுவார்கள்.

ஒரு வண்டிக் கம்பெனியில் எங்கள் ஷாஃப்ட்டுகளில் விரிசல் கண்டார்கள். கிரேட்டின் லேபிளில் எட்டாம் உலை, இரண்டாம் ஷிப்ட், நான்காம் சார்ஜ் என்று இருந்தது. உடனே ரிப்போர்ட் எடுத்தோம். லேபிளில் சொன்ன சார்ஜ் பதிவில் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் அன்றைய உலைகளை எல்லாம் வரிசையாக அச்சடிக்கிற புரோகிராம் அது. செல்வின் சார் வந்த புதிதில் தன் கையால் எழுதியது. அப்படி ஒரு சார்ஜ் இல்லை என்று பதில் வந்தது. ஆனால் கீழே வரிசையில் "எட்டாம் உலை, இரண்டாம் ஷிப்ட்" என்று தலைப்பு மட்டும் நின்றது. தலைப்புக்கு அடியில் ஒரு அளவும் இல்லை.

அந்த ஷிப்டில் எட்டாம் உலையின் ஆபரேட்டர் முனிராஜ். தளிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர், உலையில் வேலை பார்த்தே தலை நரைத்தவர். பெர்சனல் மேனேஜருக்கு விஷயம் நேராகப் பட்டது. லேபிள் எட்டு என்கிறது. கம்ப்யூட்டரும் எட்டில் ஷிப்ட் நடந்தது என்கிறது. அளவுகளை மட்டும் காணோம். அப்படியானால் இந்த ஆள் பதிவுக் கருவியை நிறுத்திவிட்டு உலையை ஓட்டி, கெட்ட சரக்கை வெளியே தள்ளியிருக்கிறார். முனிராஜை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை முடிந்தால் வீட்டுக்குத்தான் என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்கள்.

முனிராஜ் விசாரணையில் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். எட்டாம் உலையின் உள்செங்கல்லை அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். புதுச் செங்கல்லில் ஈரம் போகிறவரை சரக்கு ஏற்றாமல் மெல்லச் சூடாக்க வேண்டும். "சூடு இருந்துச்சு சார், சரக்கு இல்ல. வெறும் உலை சார் அது" என்றார். கூட வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்களுக்கு நினைவில்லை என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். இன்றைக்கு முனிராஜ், நாளைக்கு நாமோ என்ற பயம்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அப்போது கோபம் வந்தது.

கண்டுபிடித்தது நான்தான். அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. விசாரணைக்கு உலைகளின் பகுதி மட்டும் சுத்தமாக ஒரு பிரதி வேண்டும் என்று பெர்சனல் மேனேஜர் கேட்டனுப்பினார். லேபிளைப் பற்றிக் கேட்கிற பகுதியை நிறுத்திவைத்துவிட்டு மீதியை ஓட்டினேன். தாளில் எட்டாம் உலையே இல்லை. எதையோ கூடுதலாக வெட்டிவிட்டேன் போல என்று பழையபடி முழுவதையும் ஓட்டினேன். எட்டாம் உலை வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி நிறுத்தினேன், போய்விட்டது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே வித்தியாசம், ஒரு கேள்வி.

சார் எழுதிய புரோகிராமில் தப்பு என்று சாரிடமே எப்படிச் சொல்வது? அதிலும் அந்தச் சமயத்தில். ஜி.எம். வெளியிலிருந்து விலைக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார், நம்முடைய புரோகிராம்களே போதும் என்று செல்வின் சார் ஒற்றை ஆளாக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் முனிராஜின் முகம் நினைவுக்கு வந்தது. தாள்களை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் வந்து என் இடத்தருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படிங்கக்கா என்றார். நான் படித்தேன். எட்டாம் உலைக்குள், இந்தத் தேதிக்குள், இரண்டாம் ஷிப்டுக்குள், நான்காம் சார்ஜ் இருக்கிறதா? அந்த வரியில் என்னை நிறுத்தினார். பிறகு, புதிதாக ஒரு காலிப் பெட்டி செய்யச் சொன்னார். அதற்குள்ளே இருக்கிற பெட்டிக்குள்ளே இன்ன பொருள் உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். இல்லை என்றது. சரிதான். இப்போது வெளிப் பெட்டியை லூப்பில் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்கச் சொன்னார். காலியாக இருக்க வேண்டிய பெட்டிக்குள், யாரும் வைக்காத ஒரு பெட்டி இருந்தது.

பெர்லின் குணம் அது. உள்ளே, அதற்கும் உள்ளே என்று ஒரே மூச்சில் கேட்டால், கடைசிவரை போய்ப் பார்ப்பதற்காக நடுவில் இல்லாத பெட்டிகளை அதுவே செய்துகொள்ளும். பதில் சரியாகத்தான் சொல்லும். செய்த பெட்டிகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வரும். கல்யாணப் பந்தியில் எங்கள் மாமா வந்துவிட்டாரா என்று கேட்டால், வரவில்லை என்று சொல்லிவிட்டு அவருக்கு ஒரு இலையையும் போட்டுவிட்டுப் போகிற ஆளைப் போல. பிறகு வருகிறவர் இலையைப் பார்த்துவிட்டு, மாமா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார் என்று பேசுவார். அத்தனை வருஷமும் இந்தக் கேள்வி உண்மையில் இருந்த சார்ஜுகளைப் பற்றியே கேட்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

"நா எழுதுனதுதான் இது" என்றார் செல்வின் சார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. விசாரணை இன்னும் முடியவில்லையே, யோசித்துச் சொல்லலாமே சார் என்று நான்தான் இழுத்தேன். அவர் தாள்களை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்லுதேன்னு வச்சா, நாளைக்கு இன்னொரு நாள் தோணும்க்கா. இப்பவே போவோம்."

ஜி.எம். அறையில் பெர்சனல் மேனேஜரும் இருந்தார். செல்வின் சார் உட்காரவில்லை. எட்டாம் உலையில் அந்த ஷிப்டை உண்டாக்கியது முனிராஜ் இல்லை, நான் எழுதிய புரோகிராம் என்றார். கண்டுபிடித்தது நாகவேணி அக்கா என்றும் சொன்னார். எனக்குக் காது சுட்டது. ஜி.எம். முழுவதும் கேட்டுவிட்டு, இத்தனை வருஷம் இதை நம்பித்தானே உட்கார்ந்திருந்தோம் என்று ஒரு வார்த்தை சொன்னார். வெளி சாஃப்ட்வேர் வரப்போகிறது என்று புரிய அது போதுமாக இருந்தது. பிறகு, சரி, உங்கள் புரோகிராம் தப்பு, ஆனால் லேபிளை உங்கள் புரோகிராமா ஒட்டியது, கிரேட்டில் எட்டு என்றுதானே இருக்கிறது என்று கேட்டார். கேள்வி நியாயமானது.

போய் நின்று பார்ப்போம் என்றார் செல்வின் சார். அவர் எதற்கும் சொல்கிற வைத்தியம் அது. உலைகளுக்கு எதிரே லேபிள் மேஜை இருக்கும். மின்விசிறிகளின் இரைச்சலில் காது அடைத்துப்போகும். உலையிலிருந்து சரக்கை இறக்குகிறவர் உலை நம்பரைக் கத்துவார், மேஜையில் இருக்கும் அம்மா அதை டைப் அடித்து லேபிள் எடுப்பார். ஏழாம் உலையில் சரக்கு இறக்க அண்மையில் மாற்றி விடப்பட்டவர் ஆந்திராவில் குப்பம் பக்கத்து ஆள். மேஜை அம்மா சேலத்திலிருந்து வந்து சேர்ந்தவர். சரக்கு வெளியே வந்தது.

"ஏடு!" என்று கத்தினார் அவர்.

மேஜை அம்மா தலை நிமிராமல் எட்டு என்று அடித்தார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தெலுங்கில் ஏடு என்றால் ஏழு. எங்கள் வீட்டில் தினமும் சொல்கிற வார்த்தை. அந்த இரைச்சலில் தமிழ்க் காதுக்கு அது எட்டு என்றுதான் விழும். செல்வின் சாருக்கும் எட்டு என்றே விழுந்திருந்தது, நான் சொல்லித்தான் புரிந்தது. எட்டாம் உலையும் ஓடுகிற நாட்களில் இந்தக் குழப்பம் எவர் கண்ணிலும் படவில்லை. எட்டு வெறுமையாக இருந்த அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டது. உடனே போய் ஏழாம் உலையின் பதிவைத் திறந்தோம். அதே தேதி, அதே ஷிப்ட், நான்காம் சார்ஜ். நடுவில் கரண்ட் போய் வந்ததில் வெப்பம் இறங்கி ஏறியது பதிவில் தெளிவாக இருந்தது. விரிசலுக்குக் காரணம் அதுதான். எல்லோரும் எட்டையே முறைத்துக்கொண்டிருந்ததில் பக்கத்து உலையைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மறுநாளே சஸ்பென்ஷனை ரத்து செய்தார்கள். பழைய லேபிள்களைச் சரிபார்த்து முடிக்க எங்களுக்குப் பல வாரம் ஆனது. அன்றிலிருந்து உலை நம்பரை செவன், எய்ட் என்றுதான் கத்த வேண்டும் என்று உத்தரவும் வந்தது. இரண்டு பாஷைகள் மோதிக்கொண்ட இடத்தில் இங்கிலீஷ் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

செல்வின் சாருக்கு என்ன ஆனது என்று திவ்யாவும் கேட்டாள். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து சாஃப்ட்வேர் வந்தது, அதோடு அதற்கென்று ஒரு புதுத் தலைவரும் வந்தார். அவருக்குக் கீழே செல்வின் சார் கொஞ்ச காலம் முகம் சுருங்காமல் வேலை பார்த்துவிட்டு சென்னைக்குப் போய்விட்டார். அவருடைய புரோகிராமில் உலைப் பகுதியை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை, புது சாஃப்ட்வேருக்கு எங்கள் உலைகள் பிடிபடவில்லை. அதைத்தான் திவ்யா இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறாள். தலைவர் பதவி போகும் என்று தெரிந்தே அன்று ஜி.எம். அறைக்கு நடந்தார் என்பதை நான் யோசிக்காத வருஷம் இல்லை. டைப் அடித்தே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவளுக்கு ஒரு தொழிலைக் கொடுத்தவர் அவர். தப்பை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் அவரிடம்தான் பார்த்தேன். இந்த நன்றியை அவர் எங்கள் கம்பெனியில் இருந்த வரைக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போன பிறகு போனில் சொன்னேன். என்னக்கா திடீர்னு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது வேறொரு காலைப்பொழுது. வேலைக்குத் திரும்பிய அன்று முனிராஜ் எங்கள் அறைக்கு வந்தார். உலைகள் இருக்கிற ஷாப்பிலிருந்து யாரும் அந்த ஏ.சி. அறைக்கு வருவதில்லை. ஷூவைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். சரியான ரிப்போர்ட் ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்றார். அச்சடித்துக் கொடுத்தேன். ஒன்றாம் உலையிலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஏழு முடிந்து ஒன்பது வந்ததும் விரல் நின்றது.

"என் உலை எங்க மேடம்?"

ஓடாத உலை பதிவில் இருக்காது, பதிவில் இல்லாதது அச்சாகாது, இப்படி வருவதுதான் சரி என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரிங்க மேடம். ஆனா இதுல நான் சொன்னது இல்லியே. நான் வெறும் உலைன்னு சொன்னன். இதுல ஒண்ணுமே சொல்லலியே."

இல்லாததை எப்படி அச்சடித்துக் கொடுப்பது? செல்வின் சார் எழுந்து வந்தார்.

"அவர் சொல்லுததுதான் சரிக்கா. பதிவுல இருக்க உலைக்கு மட்டும் சுத்தாதீங்க. ஷாப்புல இருக்க எல்லா உலைக்கும் சுத்துங்க. பதிவு இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும்."

உட்கார்ந்து எழுதினேன், வழக்கம்போலச் சத்தமாகப் படித்துக்கொண்டு. ஷாப்பில் இருக்கிற ஒவ்வொரு உலைக்கும். இந்த உலை பதிவில் உண்டா? உண்டு என்றால் மட்டும் உள்ளே போ, தேதியைக் கேள். தேதி உண்டு என்றால் மட்டும் ஷிப்டைக் கேள். ஷிப்ட் உண்டு என்றால் மட்டும் சார்ஜைக் கேள். எங்காவது இல்லை என்று வந்தால், அதற்கு மேல் போகாதே, ஓடவில்லை என்று எழுது. முனிராஜ் வாசலில் நின்றபடி கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் தள்ளியது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, எட்டாம் உலை, இரண்டாம் ஷிப்ட், ஓடவில்லை என்று ஒரு வரி வந்திருந்தது.

செல்வின் சார் அந்த வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். "முனிராஜண்ணே, உங்கள நம்பியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நாங்க கம்ப்யூட்டர நம்பினோம்" என்றார். முனிராஜ் தலையை மட்டும் ஆட்டினார். தாளை மடிக்கவில்லை. மடித்தால் அந்த வரியின் மேல் மடிப்பு விழும் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகத் தன் உலைக்குப் போகவில்லை. விசாரணையில் நினைவில்லை என்று சொன்ன ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். தாளை நீட்டி, அந்த ஒரு வரியைப் படிக்கச் சொன்னார். அவர்களும் படித்தார்கள்.